ஊருக்குத் தெரிந்த ரகசியம்: சின்ன ஊர் மர்ம நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்மாவின் மோல்மீன் நகரில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அ, ஆ எழுத வந்த பிள்ளைகளில் சிலர் வளர்ந்து இப்போது கதை எழுதுகிறார்கள். அதிலும் மர்மக் கதை. பள்ளிக்கூடப் பழக்கத்தில் என்னைச் 'சயாமா' (பர்மியத்தில் டீச்சர்) என்றே கூப்பிட்டு, எழுதியதைக் கொண்டுவந்து காட்டுவார்கள். தாத்தா காலத்தில் பர்மாவை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டிலிருந்து எழுதிக் கேட்கிறார்கள். ஆள்தான் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை: குடும்ப ரகசியத்தையும் குடும்பத்தின் பேரையும் கதையில் எப்படிக் கையாள்வது? தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

விளக்கத்துக்கு வசதியாக, வகுப்புக்காக நான் கட்டிய ஒரு கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டோனுக்கும் மார்ட்டபானுக்கும் இடையே ரயில் நின்று போகும் ஓர் ஊர். ஆண்டு 1972. பால்மாடும் ஏழு ஏக்கர் வயலும் வைத்திருந்த ஒரு பெரியவர் விடியற்காலையில் தன் வீட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறார். கோயில் தர்மகர்த்தா. ஊரே 'பெரியண்ணன்' என்று கூப்பிட்ட மனிதர். உண்மையில் அவர் அண்ணன் இல்லை, தம்பி. அண்ணன் 1942இல் இந்தியாவுக்கு நடந்து போகும் வழியில் இறந்துவிட்டார். பாதி வழியில் திரும்பிய தம்பி, அண்ணன் பேரிலேயே முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார். கீழே 'கிணற்றுக் கதை' என்று வருவதெல்லாம் இதுதான்.

மர்ம நாவல்னா கொலை பண்ணது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதானே? நடுவுல குடும்ப ரகசியம் எதுக்கு?

கொலையாளியைத் தேடுவது கதையின் ஓட்டம். அதுவரை ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்பது கதையின் உயிர். சின்ன ஊரில் எதுவும் முழு மறைவாக நடக்காது. பார்த்தவர், சத்தம் கேட்டவர், சந்தேகப்பட்டவர் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் சும்மா இருக்க ஒரு காரணம் வேண்டும். பயம் ஒரு காரணம்தான். அதைவிடப் பலமானது, வாயைத் திறந்தால் தன் வீட்டுச் சங்கதியும் சேர்ந்து தெருவுக்கு வந்துவிடும் என்ற எண்ணம். அது இல்லாவிட்டால் துப்பறிகிறவர் மூன்றாம் அத்தியாயத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

கதையை ரங்கூன்ல வச்சா ஆகாதா?

ஆகும், ஆனால் வேறு கதையாகிவிடும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். ஒரு தெருவில் கெட்ட பேர் எடுத்தவன் நாலு தெரு தள்ளிப் போய்ப் புதிதாக வாழலாம். நம் மாதிரி ஊரில் ஒரே கோயில், ஒரே டீக்கடை, பிரசவம் பார்க்க ஒரே கிழவி. ஒதுங்க இடமில்லாத இடத்தில்தான் பேருக்கு விலை கூடுகிறது.

எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா அது எப்படிங்க ரகசியம்?

எல்லாரையும்விட அதிகம் வந்த கேள்வி இது. இதற்குப் பதில் பிடிபட்டால் பாதி நாவல் எழுதின மாதிரி. எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்களின் படம் இருந்தது. ஒருத்தி எங்கள் பாட்டி, கண்டாங்கிச் சேலையில். இன்னொருத்தி தமெயின் என்ற பர்மியக் கைலி உடுத்தி, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசியவள். ஆடி அமாவாசைக்கு இரண்டுக்கும் ஒரே பூ, ஒரே சூடம். யார் என்று கேட்டால் 'ஒரு அத்தை' என்பார்கள். எந்த வழியில் அத்தை என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. எட்டு வயதில் எனக்கே அது தெரிந்திருந்தது.

சின்ன ஊரின் ரகசியம் அப்படித்தான். தெரியாத விஷயமாக அது இருப்பதில்லை, சொல்லாத விஷயமாக இருக்கும். மருத்துவச்சிக்கு ஒரு துண்டு தெரியும், பூசாரிக்கு ஒரு துண்டு, அடகு பிடித்தவருக்கு ஒரு துண்டு. அவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பது பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு. பர்மியர் 'ஆனாதே' என்பார்களே, எதிராளி மனம் சங்கடப்படுமே என்று கேட்க வந்ததை விழுங்கிவிடும் அந்தத் தயக்கம், அது நம் ஆட்களுக்கும் தொற்றிப்போயிற்று. ஆகவே உங்கள் நாவலில் துப்பறிகிறவர் புதிதாக ஒன்றையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. சிதறிக் கிடக்கிற துண்டுகளை ஒரே திண்ணையில் கொண்டுவந்து வைக்கிற துணிச்சல் போதும். ஊர் அவரை வெறுப்பதும் அந்தத் துணிச்சலுக்காகத்தான்.

நம்ம பக்கத்துக்கு எந்த மாதிரி ரகசியம் பொருந்தும்? கள்ளத் தொடர்பு, புதையல் எல்லாம் சலிச்சுப் போச்சு.

நம் சரித்திரத்திலிருந்து எடுங்கள். மூன்று இடங்களில் அள்ள அள்ள வரும்.

முதலாவது, வயல் யார் பேரில் இருந்தது என்பது. செட்டியார் கடைகளில் ஊரிலிருந்து வரும் ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்கு வந்து போனவர்கள். பெண்சாதி பிள்ளை செட்டிநாட்டில். கடன் கொடுக்கத்தான் வந்தார்கள். 1930இல் நெல் விலை விழுந்ததும் கடனுக்கு ஈடாக வயல் வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது ஆறு சதவீத நிலம். 1938 வாக்கில் நாலில் ஒரு பங்கு. அத்தனை நிலத்தையும் நேரில் பார்க்க முடியாமல் மேஸ்திரி பேரில், நம்பிக்கையான வேலைக்காரர் பேரில், உள்ளூர்ப் பெண்ணின் அண்ணன் பேரில் எழுதி வைத்ததாகக் கதை கட்டினால் யாரும் நம்ப மறுக்க மாட்டார்கள். எழுதி வைத்தவர் 1942இல் ஓடிப்போனார். பேர் இருந்தவர் தங்கிவிட்டார். அங்கே தொடங்கலாம்.

இரண்டாவது, அந்த 1942 ஓட்டம். மூன்றாவது, அதற்குப் பிறகு வந்த காகிதங்கள். இந்த இரண்டையும் ஆள்மாறாட்டக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

பர்மாவுல ஒரு குடும்பம், ஊர்ல ஒரு குடும்பம்னா பாதி வீட்ல உண்டு. அதுல என்ன மர்மம்?

இருப்பதில் மர்மம் இல்லை. அதற்குச் சட்டம் என்ன பேர் வைத்தது என்பதில் இருக்கிறது. பௌத்தப் பெண்களின் திருமணம், சொத்துரிமை பற்றி 1939இல் ஒரு தனிச்சட்டம் வந்தது, 1954இல் புதுச் சட்டம். வேற்று மதத்தவரைக் கட்டிய பர்மியப் பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு கேட்க அதில் வழி இருந்தது. அதுவரை 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள்' என்று ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர், இனி மனைவி என்று ஒப்புக்கொள்வதா, அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு விலக்குவதா என்று முடிவு செய்தாக வேண்டும். உங்கள் கதை அந்த முடிவில் இருக்கிறது.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். அந்தப் பெண்ணை மயக்குகிறவளாகவோ வாயில்லாதவளாகவோ எழுதாதீர்கள். வட்டிக் கணக்கை அவரைவிட நன்றாகப் பார்த்தவர்கள், போர்க்காலத்தில் தங்கள் சொந்தக்காரர் வீட்டில் தமிழ்க் குடும்பங்களை ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்கள் அவர்களில் உண்டு. அவளுக்கும் ஓர் ஊர், ஒரு குடும்பப் பேர், அதைப் பற்றிய கவலை இருந்திருக்கும்.

எல்லாருக்கும் ரெண்டு பேரு. வாசகர் குழம்பிட மாட்டாரா?

வீட்டில் தமிழ்ப் பேர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பேர் என்பது நமக்குப் பழக்கம். பர்மியப் பேரில் அப்பன் பேரோ வம்சப் பேரோ ஒட்டி வராது. அண்ணன் தம்பி மூவர் பேரையும் காகிதத்தில் பார்த்தால் உறவே தெரியாது. மர்மக் கதைக்கு இது பெரிய கொடை. முதல் இருபது பக்கத்துக்குள் ஒவ்வொருவரையும் இரண்டு பேராலும் ஒருமுறை கூப்பிட வைத்துவிடுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் இரண்டாவது பேரை மறைத்து வையுங்கள். அதைத் தாண்டினால் குழப்பம்தான்.

ஒருத்தன் அண்ணன் பேர்ல முப்பது வருஷம் வாழ்ந்தான்னா நம்புவாங்களா, சயாமா?

காலத்தைச் சரியாக வைத்தால் நம்புவார்கள். 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு விழுந்தது. ஜனவரி முடியும்போது மோல்மீன் ஜப்பானியர் கையில். பிப்ரவரி 23 சித்தாங் பாலத்தைப் பிரிட்டிஷ் படையே தகர்த்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. புரோமுக்கு மேற்கே டாங்குப் கணவாய், வடக்கே டாமு வழி. காலராவிலும் பசியிலும் செத்தவர் ஆயிரமாயிரம். புதைத்த இடத்துக்கு அடையாளம் இல்லை, எழுதி வைத்த பட்டியல் இல்லை. 1945இல் ஒட்டிய கன்னத்தோடும் தாடியோடும் ஒருவன் திரும்பி வந்து 'நான்தான்' என்றால், பாதிப் பேர் போய்விட்ட ஊரில் யார் மறுப்பது?

ஆனால் வாய்ப்பு இருந்தால் போதாது, தேவையும் இருக்க வேண்டும். அதைக் காகிதம் கொடுக்கிறது. சுதந்திர பர்மாவின் அரசியல் சட்டப்படி, பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் பிறந்தவர் 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்து ஆண்டுகளிலோ, 1948 ஜனவரி 4க்கு முந்தைய பத்து ஆண்டுகளிலோ எட்டு ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமை கேட்கலாம். கிணற்றுக் கதையில் அண்ணன் 1928இல் வந்தவர், எந்தக் கணக்கிலும் தேறுவார். தம்பி 1940 கடைசியில் வந்தவர். எப்படிக் கூட்டினாலும் ஏழு வருஷம், ஒரு வருஷம் குறைகிறது. அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் அவர் செத்த அண்ணனின் பேரை உடுத்திக்கொள்கிறார். பிறகு 1950களின் தொடக்கத்தில் அடையாள அட்டை வந்தபோது அந்தப் பேர் அச்சாகிவிட்டது. வயல், பிள்ளைகளின் அட்டை எல்லாம் அதன் மேல் நிற்கின்றன. ஒரு கெட்டவன் போட்ட திட்டமாக இதை எழுதாதீர்கள். முதல் நாள் டீக்கடையில் யாரோ 'அண்ணனா வந்திருக்கிறது?' என்று கேட்க, களைப்பில் தலையாட்டியதிலிருந்து தொடங்கட்டும்.

உள்ளூர்ல நம்பலாம். இந்தியாவுல இருக்கிற பெண்சாதிக்கு எப்படித் தெரியாம போகும்?

நல்ல கேள்வி. பலர் இந்த ஓட்டையை அடைக்காமலே எழுதிவிடுகிறார்கள். அண்ணனின் மனைவி இராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் பேருக்குக் கடிதமும் பணமும் போகின்றன. எழுத்து கொழுந்தனுடையது. 'அடிபட்டுக் கை கோணிவிட்டது' என்று ஒரு வரி போதும், அவள் நம்புவதற்கு, அல்லது நம்ப விரும்புவதற்கு. இன்னொரு பக்கம், பெற்ற தாய் இளைய மகன் செத்துவிட்டான் என்று வருஷா வருஷம் திதி கொடுக்கிறாள். உயிரோடு இருக்கிற மகனுக்கு எள்ளும் தண்ணீரும். அந்தக் காட்சிக்கு ஒரு அத்தியாயம் முழுதாகக் கொடுங்கள்.

ரகசியம் கடல் தாண்டிப் போவதற்கு 1964 இருக்கிறது. கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் இலட்சக்கணக்கில் நம்மவர் கப்பல் ஏறினார்கள். காரைக்குடி முதல் பல ஊர்களில் 'பர்மா காலனி' முளைத்தது. அப்படிப் போன ஒருவர் பெரியண்ணனோடு எடுத்த படத்தைத் தேடிப்போய் அந்த அம்மாளிடம் காட்டுகிறார். அவள் படத்தைப் பார்க்கிறாள். 'நல்லா இருக்காரா' என்று மட்டும் கேட்கிறாள். வேறொன்றும் சொல்லவில்லை. வாசகருக்கு அந்த இடத்தில் எதுவும் விளக்க வேண்டாம்.

மானத்துக்காக ஒருத்தர் கொலை வரைக்கும் போவாரா? கொஞ்சம் மிகையா இருக்கே.

'மானம்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் மிகைதான். அதைப் பிரித்துப் பாருங்கள். பேர் கெட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. சீட்டில் சேர்க்க மாட்டார்கள். விதைநெல் கடன் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். கோயிலில் முதல் மரியாதை நின்றுபோகும். வங்கியும் வக்கீலும் இல்லாத இடத்தில் குடும்பத்தின் பேர்தான் அடமானப் பத்திரம். அந்தப் பத்திரம் கிழிந்தால் பட்டினிதான் என்று வாசகர் உணர்ந்தால், கொலையும் நம்பும்படி ஆகும்.

கிணற்றுக் கதையில் பெரியவரைத் தள்ளியது மூத்த மகன். ஊரிலிருந்து பெரியம்மாவின், அதாவது செத்த அண்ணன் மனைவியின், கடிதம் வந்தபின், திருவிழா முடிந்ததும் உண்மையைச் சபையில் சொல்லப்போவதாக அப்பா சொல்கிறார். இரண்டு வாரத்தில் தங்கை கல்யாணம். அப்பாவின் அட்டை பொய்யென்றால் தன் அட்டை, தன் குழந்தையின் அட்டை, வயல் எல்லாம் போகும். 'குடும்ப மானம்' என்று அவன் கத்துகிறான். கையை நீட்ட வைத்தது வயல். இரண்டையும் அவனே பிரித்தறிய முடியாமல் இருப்பதாக எழுதுங்கள்.

தடயத்தை எங்க வைக்கிறது? ரேகை, ஆய்வகம்னு நம்ம ஊர்ல எதுவும் கிடையாதே.

இல்லாததுதான் நல்லது. நம்மிடம் அதைவிட நல்ல தடயங்கள் உண்டு.

நான் மிகவும் விரும்புவது அர்ச்சனை. பெரியவர் ஆண்டுதோறும் தன் பேரில் அர்ச்சனை செய்கிறார். பேர் சொல்லும்போது அண்ணன் பேர். நட்சத்திரம் சொல்லும்போது மட்டும் தன் நட்சத்திரம். ஊரை ஏமாற்றினார், அம்மனை ஏமாற்ற மனம் வரவில்லை. அண்ணன் 1937இல் கோயிலுக்குக் கொடுத்த உபயக் கல்லில் பேரும் நட்சத்திரமும் வெட்டியிருக்கிறது, தினமும் எல்லாரும் செருப்பு விடும் இடத்துக்கு மேலே. பூசாரி இருபது வருஷமாக இரண்டையும் பார்த்தவர். மூன்றாம் அத்தியாயத்தில் கல்லையும் ஒன்பதாம் அத்தியாயத்தில் அர்ச்சனையையும் போகிற போக்கில் காட்டிவிடுங்கள்.

பழைய கணக்கேடுகளில் தமிழ் எண்கள் இருக்கும். அவற்றில் 8 என்பது 'அ' போல, 2 என்பது 'உ' போல, 7 என்பது 'எ' போல. ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழியும் 'உ'. தெரியாதவர் எழுத்து என்று நினைத்து அர்த்தம் தேடுவார், தெரிந்தவர் தொகையைப் படிப்பார். தேதிக்கு ஆங்கில ஆண்டு போடாமல் 'விஷு வருஷம் மார்கழி' என்று இருக்கட்டும். அது ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழி. விஷு அறுபது வருஷம் கழித்து 2001இலும் வந்தது, ஆகவே இந்தக் காலத்துக் கதையென்றால் எந்த விஷு என்பதே ஒரு புதிர்.

ரூபாய் நோட்டும் காலம் சொல்லும். 1964 மே மாதம் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75. சுவருக்குள் அந்தப் பழைய நூறு சாட் கட்டு கிடைத்தால் ஒளித்தவர் 1964க்குமுன் ஒளித்தார், மாற்ற முடியாமல் போனார் என்று தெரிந்துவிடும். இரவில் வெளியூர் ஆள் தங்கினால் பேட்டை அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்ற பழைய விதியும் இருக்கிறதே, அதை மறந்துவிடாதீர்கள். கொலை நடந்த இரவில் அந்தப் பேரேட்டில் ஒரு பேர் இருந்தாலும் தடயம், இருக்க வேண்டிய பேர் இல்லாவிட்டாலும் தடயம்.

துப்பறியறது போலீஸா இருக்கணுமா?

வேண்டாம். எங்கள் பக்கத்தில் போலீஸ் வந்தால் வீடு அடைத்துக்கொள்ளும். அவர்கள் வந்து 'தவறி விழுந்தார்' என்று எழுதிக்கொண்டு போகட்டும்.

என் கதையில துப்பறியற பொண்ணுக்குத் தமிழ் படிக்கவே தெரியாது. அது குறையா?

அதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய பலம். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப்பின் வளர்ந்தவர்களில் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர் ஏராளம். கிணற்றுக் கதையில் கடைசி மகளுக்குப் பெரியம்மாவின் கடிதம் கிடைக்கிறது. படிக்கத் தெரியாது. பூசாரியிடம் கொண்டுபோகிறாள், அவர் படித்துக் காட்டுகிறார். சந்தேகம் வந்து அடகுக்கடைத் தாத்தாவிடம் போகிறாள். அவர் படிக்கும்போது இரண்டு வரி கூட வருகிறது, ஒரு வரி குறைகிறது. மூன்றாவதாகப் படிப்பவர் அழுகிறார். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த துண்டை விழுங்கிவிட்டுப் படிக்கிறார்கள். முன்பு சொன்னேனே, பேசாமல் செய்துகொண்ட ஏற்பாடு என்று, அது இப்படித்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைசியில் அவளே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அந்த அத்தியாயத்தை வகுப்பில் வாசித்தபோது யாரும் பேசவில்லை.

சாமி வந்து ஆடுறவங்க வாயால உண்மையைச் சொல்ல வச்சிடலாமா?

தீர்வாக வைத்தால் வாசகரை ஏமாற்றுவதாகும். நெருக்கடியாக வையுங்கள். தன் வாயால் சொல்லப் பயப்படுகிறவர் சாமியின் வாயால் பாதி சொல்கிறார்: 'செத்தவன் பேர்ல படையல் வாங்குறீங்களேடா'. கூட்டம் உறைந்துபோகிறது. மறுநாள் அவரைக் கேட்டால் 'எனக்கு ஒன்னும் ஞாபகமில்லை' என்பார். யாரும் அவர் மேல் கோபப்பட முடியாது. ஒரு நாவலில் ஒரே ஒரு தடவை.

சாதியைச் சொல்லணுமா? சங்கடமா இருக்கு.

கதைக்குக் காரணமாக இருந்தால் சொல்லியாக வேண்டும். கப்பலில் வரும்போதே பேரின் வாலை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. மூன்று தலைமுறை கழித்து தமிழ்நாட்டில் சம்பந்தம் தேடப் போகும்போது அது இடிக்கும். ஆனால் அதை அதிர்ச்சித் திருப்பமாக வைக்காதீர்கள். 'அவர் உண்மையில் இன்னார்' என்று திரை விலக்கினால், அப்படிப் பிறப்பதே அவமானம் என்று நீங்களும் சொன்னதாக ஆகிவிடும். மறைக்கும்படி அவரை நெருக்கியவர்கள் யார் என்பதில் வெளிச்சம் விழட்டும்.

பாட்டிகிட்ட கேட்டா 'எனக்கு ஒன்னும் தெரியாது'ங்கிறாங்க. எப்படிக் கேட்கிறது?

ரகசியத்தைக் கேட்காதீர்கள். நகையைக் கேளுங்கள்: இந்த அட்டிகை யார் கொடுத்தது, எப்போது அடகு போயிற்று, எப்போது மீண்டது? கல்யாணச் சமையல் யார் செய்தார், யார் வரவில்லை? நடந்து போனபோது எதைச் சுமந்து போனீர்கள்? பொருளைப் பற்றிப் பேசும்போது ஆள் தானாக வருவார். பாட்டி ஒரு பேரைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். வெற்றிலை மடித்துக் கொடுங்கள். அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து அவர்களே தொடர்வார்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் கட்டாயம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எங்க வீட்ல நடந்ததையே நாவலா எழுதலாமா? செத்தவங்களுக்கு என்ன மானம் போயிடப்போகுது?

செத்தவர்களுக்குப் போகாது. அவர்கள் பேரை வைத்துப் பிழைக்கிற உயிரோடிருப்பவர்களுக்குப் போகும். நம் நாட்டில் அது வெறும் வெட்கத்தோடு நிற்காது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப்பின் தாத்தா எப்போது வந்தார், எந்தப் பேரில் பதிந்தார் என்பதெல்லாம் பேரன் கையிலிருக்கும் அட்டையின் நிறத்தை, அதாவது அவனுக்கு எந்த வகைக் குடியுரிமை என்பதைத் தீர்மானிக்கிற விஷயங்கள். நீங்கள் கதை என்று எழுதியதை இன்னொருவர் சாட்சி என்று படிக்கலாம். ஆகவே ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், வருஷத்தைத் தள்ளி வையுங்கள். மாற்ற முடியாத ஒன்று மிஞ்சும். வலி. அது மட்டும் உங்களுடையதாக இருந்தால் போதும்.

நான் சுவரில் இருந்த அந்த இரண்டாவது படத்தைப் பற்றி எழுத முப்பது வருஷம் காத்திருந்தேன். அந்த அம்மாளின் மகள் வயிற்றுப் பேத்தியைத் தேடிப்போய்க் கேட்டேன். 'எழுதுங்கள், ஆனால் அவர் சமைத்த மொஹிங்காவை (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) மறக்காமல் எழுதுங்கள்' என்றாள். சம்மதம் கேட்கப் போனதால்தான் எனக்கு அந்த அடுப்படி கிடைத்தது.

கடைசியில எல்லா உண்மையையும் சபைக்கு முன்னால போட்டு உடைக்கணுமா?

துப்பறிகிறவர் எல்லாரையும் கூட்டி வைத்து விரல் நீட்டுகிற முடிவு நம் ஊருக்கு ஒட்டாது. சபை கூடினால் முதலில் நாற்காலி யாருக்கு என்பதில் சண்டை வரும். கிணற்றுக் கதையில் கடைசி மகளுக்கு அண்ணன்தான் தள்ளினான் என்று தெரிந்துவிடுகிறது. அண்ணனுக்கும் அவளுக்குத் தெரியும் என்று தெரிகிறது. ஊருக்கும் தெரியும். அவன் போலீஸுக்குப் போகிறானா என்பதை எழுதும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விதமாக முடித்திருக்கிறார்கள், எல்லாமே சரிதான்.

ஆனால் கடைசி அத்தியாயம் பெரியம்மாவுடையது என்று நான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்கிறேன். படத்தைப் பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் இருபத்து மூன்று வருஷமாகச் சுமங்கலி இல்லை என்று. தாலியைக் கழற்றினால் ஊர் காரணம் கேட்கும். சேதி கப்பலேறி இங்கே வந்து கொழுந்தனின் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தும். ஒருமுறைகூடப் பார்க்காத அந்தப் பிள்ளைகளுக்காக அவள் இன்னும் ஏழு வருஷம் பொட்டு வைத்துக்கொண்டாள். உடம்பு விழுந்தபின் எழுதிய கடிதத்தில், மூன்று பேரும் படிக்காமல் தாண்டிய வரி அது: 'தம்பி, அவருக்கு ஒரு பிடி எள்ளாவது இறைத்துவிட்டு நான் போகணும். நீ சரின்னு சொன்னா வெள்ளைச் சேலை வாங்கிக்கிறேன்.'